குடத்தை வைத்துவிட்டுப் போனவள்: வேதப்பகுதியைக் கூர்ந்து வாசிக்கத் தொடங்குபவர்களுக்கு

பெருந்துறைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வேதம் வாசிக்கக் கூடுகிறோம். பத்துப் பேர் வருவார்கள். விசைத்தறி ஓட்டும் ஒருவர், பனியன் கம்பெனியில் கணக்கு எழுதும் பெண், ஓய்வு பெற்ற ஆசிரியர், எழுபதைத் தாண்டிய ஓர் ஆத்தா என்று கலவையான கூட்டம். முதல் வாரம் எல்லோரையும் புத்தகத்தை மூடி வைக்கச் சொன்னேன். யோவான் நான்காம் அதிகாரத்தில் கிணற்றடியில் இயேசு சமாரியப் பெண்ணைச் சந்திக்கும் கதையை நினைவிலிருந்து சொல்லுங்கள் என்றேன்.

தட்டுத் தடங்கல் இல்லாமல் வந்தது. நடத்தை கெட்ட ஒரு பெண், ஊராரின் கண்ணில் படக் கூசி, உச்சி வெயிலில் தனியாகத் தண்ணீருக்கு வந்தாள். ஐந்து பேரைக் கட்டி ஐந்து பேரையும் விட்டவள். இயேசு தண்ணீர் கேட்டார், அவள் மொண்டு கொடுத்தாள். அவர் அவளுடைய பாவத்தைச் சுட்டிக் காட்டினார், மன்னித்தார். அவள் மனம் மாறி ஊருக்குள் ஓடினாள்.

பிறகு புத்தகத்தைத் திறந்து, சொன்ன ஒவ்வொன்றும் எந்த வசனத்தில் இருக்கிறது என்று தேடச் சொன்னேன். நடத்தை கெட்டவள் என்ற சொல் கிடைக்கவில்லை. கூசினாள் என்று எங்கும் இல்லை. அவள் கணவர்களை விட்டாள் என்றோ, அவர்கள் அவளை விட்டார்கள் என்றோ எழுதப்படவில்லை. மன்னிப்பு என்ற சொல் அந்தப் பகுதியில் ஓரிடத்திலும் வரவில்லை. "அவர் தண்ணீர் குடித்தாரா, இல்லையா?" என்று ஆத்தா கேட்டார். தேடினோம். அதுவும் இல்லை.

திண்ணையில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. ஆசிரியர் மட்டும் கொஞ்சம் கோபமாக இருந்தார். ஐம்பது வருடமாகக் கேட்ட பிரசங்கத்தைப் பத்து நிமிடத்தில் பிடுங்கிவிட்டேன் என்று அவருக்குப் பட்டிருக்கலாம்.

கூர்ந்து வாசித்தல் என்பது இங்கேதான் தொடங்குகிறது. காதில் ஏற்கெனவே ஏறியிருப்பதையும் கண் முன்னால் அச்சாகியிருப்பதையும் பிரித்துப் பார்ப்பது. இதற்குக் கிரேக்கம் தெரிய வேண்டாம், இறையியல் கல்லூரிக்குப் போக வேண்டாம். ஒரு பென்சிலும் பொறுமையும் போதும். பென்சிலைவிடப் பொறுமைதான் கிடைப்பது அரிது.

புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள் இருக்கின்றன. ஒரே ஆண்டில் முடிக்க நினைப்பவர்கள் நாளொன்றுக்கு மூன்று நான்கு அதிகாரங்கள் வாசிப்பார்கள். அது தவறல்ல, நானும் செய்திருக்கிறேன். ஆனால் பஸ் ஜன்னல் வழியே பார்த்த காடு வேறு, களை எடுக்க இறங்கிய காடு வேறு. நம் பக்கத்தில் காடு என்றால் மானாவாரி நிலம் என்பதால் இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

முதலில் கவனிக்க வேண்டியது, பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது. வேதாகமத்தை எழுதியவர்கள் அதிகார எண்ணோ வசன எண்ணோ போடவில்லை. இன்று நாம் பயன்படுத்தும் அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்ற இங்கிலாந்துப் பேராயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. புதிய ஏற்பாட்டு வசன எண்களை ராபர்ட் எஸ்தியேன் என்ற பிரெஞ்சு அச்சகக்காரர் 1551இல் போட்டார். எண்கள் தேடுவதற்கு வசதி. ஆனால் எண் போட்டதும் ஒவ்வொரு வசனமும் தனித்தனிப் பொட்டலமாகிவிட்டது. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புத்தாண்டுக்கென்று ஒரு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம், நாட்காட்டித் தாளில் தினம் ஒரு வசனம் கிழிக்கிறோம். அந்தப் பழக்கத்திலேயே வளர்ந்தவர்களுக்கு, வசனத்துக்கு முன்னும் பின்னும் ஏதோ இருக்கிறது என்பதே மறந்துபோகிறது.

சங்ககிரிப் பக்கம் லாரிகளின் முன்கண்ணாடியில், பவுல் எழுதிய கடிதங்களில் ஒன்றான பிலிப்பியர் 4:13 ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். கிறிஸ்துவினால் எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பலம் உண்டு என்ற வசனம் அது. லோடு ஏற்றி வடநாடு போகிறவருக்கு அது துணிச்சல் தருமென்றால் நல்லதுதான். ஆனால் ஒரு வரி மேலே போய்ப் பாருங்கள். "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்" என்று பவுல் சொல்கிறார். பசியிலும் திருப்தியிலும் இருக்கக் கற்றுக்கொண்டதாக எழுதுகிறார். கடிதத்தின் முதல் அதிகாரத்துக்குத் திரும்பினால், எழுதுகிறவர் விலங்கு பூட்டப்பட்டவர் என்று தெரிகிறது. அப்படியானால் அந்த 'எல்லாம்' எதைக் குறிக்கிறது? நினைத்த டெண்டர் கிடைப்பதையா, கிடைக்காத நாளிலும் குலையாமல் இருப்பதையா?

கிணற்றடிக் கதைக்கு வருவோம். அதற்கு முந்தைய அதிகாரத்தில் நிக்கொதேமு வருகிறார். பெயர் உள்ளவர், பரிசேயர், யூதர்களுக்கு அதிகாரி, இரவில் வருகிறார். அடுத்த அதிகாரத்தில் பெயரில்லாத ஒரு பெண், சமாரியாக்காரி, பகலில் வருகிறாள். அவர் சில கேள்விகள் கேட்டுவிட்டுப் பேச்சினிடையே எப்போது மறைந்தார் என்றே தெரியாமல் மறைந்துபோகிறார். இவளோ கேள்விமேல் கேள்வி கேட்டுக் கடைசிவரை நிற்கிறாள். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால்தான் யோவான் அவர்களை எதிரெதிரே நிறுத்துகிறார் என்பது புலப்படும். 'நான்காம் அதிகாரம்' என்ற தலைப்பு நடுவில் ஒரு சுவரைப் போல நிற்கிறது.

இனி, உச்சி வெயில். அது ஏறக்குறைய ஆறாம் மணி வேளை என்கிறார் யோவான். சூரிய உதயத்திலிருந்து எண்ணினால் நண்பகல், பெரும்பாலோர் அப்படித்தான் கொள்கிறார்கள். ஆனால் கூச்சத்தால்தான் அந்த நேரத்தில் வந்தாள் என்பது ஊகம். ஊகமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆதாரம் எவ்வளவு என்று எடைபோட வேண்டும். ஆதியாகமம் 24ஆம் அதிகாரம் பெண்கள் மாலையில் தண்ணீர் எடுக்க வருவதைச் சொல்கிறது. அது இந்த ஊகத்துக்குக் கொஞ்சம் பலம் சேர்க்கும். ஆனால் ஐந்து அதிகாரம் தள்ளி ராகேல் ஆடுகளோடு கிணற்றுக்கு வரும்போது, பொழுது இன்னும் வெகுவாக இருக்கிறது என்று யாக்கோபு சொல்கிறான். ஆக, பகலில் கிணற்றுக்கு வருவது நடவாத காரியமல்ல. எங்கள் பகுதியில் எட்டு நாளைக்கு ஒரு முறை குழாயில் தண்ணீர் வந்த ஒரு கோடையில், நடுச்சாமத்தில்கூடக் குடம் தூக்கியிருக்கிறோம். பார்த்தவர் யாரும் எங்கள் நடத்தையைச் சந்தேகிக்கவில்லை.

யோவான் இந்த நேரத்தை ஏன் குறித்தார் என்று அவருடைய புத்தகத்துக்குள்ளேயே தேடிப் பார்ப்பதும் ஒரு வழி. 19ஆம் அதிகாரத்தில் ரோம ஆளுநர் பிலாத்து இயேசுவை மக்கள் முன் நிறுத்தும்போது அதே ஆறாம் மணி மறுபடி வருகிறது. சிறிது நேரத்தில் சிலுவையில் அவர் தாகமாயிருக்கிறேன் என்கிறார். ஆறாம் மணியும் தாகமும் இரண்டு இடத்திலும் சேர்ந்து நிற்கின்றன. யோவான் வேண்டுமென்றே இப்படிக் கோத்தார் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 'கூச்சம்' என்று எழுதப்படாத ஒரு சொல்லைவிட இரண்டு இடத்தில் எழுதப்பட்ட ஒரு சொல் எனக்கு வலுவான சான்று.

ஐந்து கணவர்கள் செய்தி இன்னும் தொல்லையானது. அவர்கள் செத்தார்களா, தள்ளிவிட்டார்களா? உபாகமம் 24ஆம் அதிகாரம் தள்ளுதல் சீட்டு, அதாவது விவாகரத்துச் சீட்டு, எழுதிக் கொடுப்பவனாகக் கணவனைத்தான் காட்டுகிறது. லூக்கா 20இல் ஏழு சகோதரரை ஒருவர்பின் ஒருவராக மணந்து ஏழு பேரையும் இழந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சதுசேயர் என்ற யூத சமயக் குழுவினர் புதிர் போடுகிறார்கள். அது கற்பனைதான் என்றாலும், பலமுறை விதவையாவது அந்தக் காலத்து மனிதர்களால் நினைத்துப் பார்க்க முடிந்த ஒன்று என்று காட்டுகிறது. மேலும் யோவான் அடுத்த அதிகாரத்திலேயே, குளத்தருகே குணமான ஒரு மனிதனிடம் இயேசு "இனிப் பாவஞ்செய்யாதே" என்று சொன்னதை எழுதுகிறார். அந்த வாக்கியத்தை எழுதத் தெரிந்தவர் இங்கே எழுதவில்லை.

அதற்காக மறுபக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. இப்போது இருப்பவன் உன் கணவன் அல்ல என்ற வரியும், நான் செய்ததையெல்லாம் ஒருவர் சொன்னார் என்று அவளே ஊருக்குள் சொல்வதும் பகுதியில் இருக்கின்றன. அவளைக் குற்றமற்றவளாக்க அந்த வரிகளை அழிப்பதும், குற்றவாளியாக்க இல்லாத வரிகளைச் சேர்ப்பதும் ஒரே பிழையின் இரண்டு பக்கங்கள். பகுதி எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவோடு நிற்க முடிகிறதா என்பதுதான் சோதனை. பழகாதவர்களுக்கு இது கால் மரத்துப்போகும்வரை நிற்பது போலக் கடினமாக இருக்கும்.

ஐந்து கணவர்களை உருவகமாக்குகிறவர்களும் உண்டு. அசீரிய ராஜா சமாரியாவில் ஐந்து ஊர்களிலிருந்து மக்களைக் குடியேற்றியதாக 2 இராஜாக்கள் 17:24 சொல்கிறது. ஐந்து கணவர்கள் அந்த ஐந்து ஊர்களின் தெய்வங்கள் என்பார்கள். கேட்கும்போது பொருந்துவது போலத்தான் இருக்கிறது. அதே அதிகாரத்தில் 30, 31ஆம் வசனங்களுக்கு இறங்கித் தெய்வங்களின் பெயர்களை விரல் விட்டு எண்ணுங்கள். ஏழு வருகிறது. அதற்காக அந்த விளக்கம் முற்றிலும் விழுந்துவிட்டது என்று சொல்ல முடியாது, ஆனால் இனி அதைச் சொல்பவர் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்லியாக வேண்டும். யார் எந்த விளக்கம் சொன்னாலும் அவர் காட்டும் வசனத்தைத் திருப்பி, அதற்குக் கீழே இன்னும் ஐந்தாறு வரிகளை வாசித்துவிடுங்கள்.

அடுத்து, மொழிபெயர்ப்பு. தமிழில் இது தனிச் சுவை. கருமத்தம்பட்டிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் கையில் 1995இல் வெளிவந்த திருவிவிலியம் இருக்கும். லண்டன் மிஷன் வழிவந்த சபைகளில் வளர்ந்தவர் கையில் 1871இல் ஹென்றி பவர் தலைமையில் முடிந்த பழைய திருப்புதல் என்ற மொழிபெயர்ப்பு இருக்கும். இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து ஒரே பகுதியை மாறி மாறி வாசித்தால் நல்ல வேடிக்கை நடக்கும். பழைய திருப்புதலில் இயேசு அந்தப் பெண்ணை 'நீ' என்கிறார், அவள் 'என்றாள்'. 1995 மொழிபெயர்ப்பில் அவர் அவளை 'நீர்' என்கிறார், அந்தப் பெண்ணுக்கும் 'அவர்' என்ற மரியாதை கிடைக்கிறது. மூலக் கிரேக்கத்தில் ஒருவரை விளிக்க நீ, நீர் என்ற வேற்றுமை கிடையாது. ஆக, அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு மரியாதை தருவது என்பதை ஒவ்வொரு மொழிபெயர்ப்பும் தானே முடிவு செய்திருக்கிறது. சின்னப் பிள்ளையைக்கூட 'வாங்க, போங்க' என்று அழைக்கும் கொங்கு நாட்டுக் காதுக்கு இந்த வேறுபாடு உடனே கேட்டுவிடும்.

விளிச்சொல்லில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. அவள் முதலில் இயேசுவை ஒரு யூதன் என்றுதான் பார்க்கிறாள். 11ஆம் வசனத்தில் பழைய திருப்புதலின்படி 'ஆண்டவரே' என்கிறாள், புதிய மொழிபெயர்ப்பின்படி 'ஐயா' என்கிறாள். கிரேக்கச் சொல் இரண்டுக்கும் இடம் தரும். பிறகு எங்கள் தகப்பன் யாக்கோபைவிட நீர் பெரியவரோ என்று கேட்கிறாள். 19இல் தீர்க்கதரிசி என்று காண்கிறாள். 29இல் கிறிஸ்துவாக இருப்பாரோ என்று ஐயத்தோடு கேட்கிறாள். 42இல் ஊரார் உலக இரட்சகர் என்கிறார்கள். படிப்படியாக ஏறும் இந்த ஏணியில் இரண்டாம் படியிலேயே 'ஆண்டவரே' என்று வாசித்தால், அவள் தொடக்கத்திலேயே உச்சிக்கு ஏறிவிட்டது போல ஆகிவிடுகிறது. 'ஐயா' என்று வாசித்துப் பாருங்கள், அவள் ஏறுவது தெரியும். பழைய திருப்புதலின் ஓசை எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனாலும் இந்த ஒரு சொல்லில் நான் புதியதன் பக்கம்.

கிணற்றுக்கும் இதே கதைதான். 6ஆம் வசனத்தில் யோவான் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் ஊற்றைக் குறிப்பது. 11, 12இல் அவள் வாயில் வருவது வெட்டிய கிணற்றைக் குறிக்கும் வேறு சொல். 14இல் இயேசு மறுபடி ஊற்று என்கிறார். அவள் கிணற்றைப் பற்றியே பேசுகிறாள், அவர் ஊற்றைப் பற்றியே பேசுகிறார். பாறையை உடைத்து நூறடி இறங்கியும் ஊற்றுக்கண் திறக்காத கிணறுகளைக் கண்ட ஊரில் இந்த வேறுபாட்டுக்கு உரை தேவையில்லை. இயேசு தருவதாகச் சொல்லும் 'ஜீவத்தண்ணீர்' என்பதற்கும் அந்தக் காலத்தில் தேங்காமல் ஓடும் நீர் என்ற சாதாரணப் பொருள் உண்டு. அதனால்தான் அவள், மொண்டுகொள்ளப் பாத்திரமில்லையே, கிணறும் ஆழமாயிருக்கிறதே என்று நியாயமாகக் கேட்கிறாள். பிரசங்கங்களில் இதை அவளுடைய அறியாமை என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். மாடு பூட்டிக் கவலை இறைத்தவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சாலும் கயிறும் இல்லாமல் கிணற்றருகே நின்று தண்ணீர் தருகிறேன் என்பவரிடம் வேறு என்ன கேட்பது?

நம் ஊர் அனுபவம் இப்படி உதவும்போதே ஏமாற்றவும் செய்யும். யூதர்கள் சமாரியரோடு சம்பந்தம் கலப்பதில்லை என்று 9ஆம் வசனம் சொல்கிறது. அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு 'ஒரே பாத்திரத்தைப் புழங்குவதில்லை' என்று பொருள் கொள்ளலாம் என்பது ஆய்வாளர்கள் சிலரின் கருத்து. இதைச் சொன்னதும் விசைத்தறிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை இருந்ததையும், ஊர்க் கிணற்றில் இறங்கக் கூடாது என்று தடுக்கப்பட்டதையும் அறிந்த மண் இது. கையில் பாத்திரமில்லாத ஒரு யூதர் தண்ணீர் கேட்டால், அவளுடைய குடத்திலிருந்துதான் குடித்தாக வேண்டும் என்பது அவருக்குச் சட்டென்று புரிந்தது. எனக்கு அது புரியப் பல வருடம் ஆனது.

ஆனால் அவர் அடுத்த வரியிலேயே 'அப்படியென்றால் சமாரியர் தாழ்த்தப்பட்டவர்கள்' என்றார். அங்கே நிறுத்த வேண்டியிருந்தது. சமாரியருக்குக் கெரிசீம் மலையில் தங்கள் சொந்தத் தொழுகையிடம் இருந்தது, மோசேயின் ஐந்து நூல்களைத் தங்கள் வேதமாகக் கொண்டவர்கள். அந்தப் பெண்ணே எங்கள் முன்னோர் இந்த மலையில் தொழுதார்கள் என்று தலை நிமிர்ந்து வாதாடுகிறாள். இரண்டு பக்கமும் தாங்களே சரி என்று எண்ணிய பங்காளிச் சண்டைக்கு அது இன்னும் நெருக்கம். நம் வாழ்க்கை கதவைத் திறந்துவிடும். உள்ளே இருப்பது நம் வீடு அல்ல என்பதை மறந்துவிடக் கூடாது.

கடைசியாக, பழைய கதைகளின் நிழல். ஈசாக்குக்குப் பெண் தேடிப் போன வேலைக்காரன் ரெபெக்காளைக் கண்டது கிணற்றடியில். யாக்கோபு ராகேலைக் கண்டது கிணற்றடியில். மோசே, பிறகு தான் மணந்த சிப்போராளுக்கும் அவள் சகோதரிகளுக்கும் துணை நின்றதும் அங்கேதான். அந்நிய ஊரிலிருந்து வந்த ஆண், கிணறு, பெண், தண்ணீர், பெண் வீட்டுக்கு ஓடிச் செய்தி சொல்வது, விருந்தினரைத் தங்கவைப்பது: இதெல்லாம் வந்தால் கல்யாணம் வரும் என்று அந்தக் கதைகளில் ஊறிய வாசகர் எதிர்பார்ப்பார். யோவான் அத்தனையும் வைக்கிறார். கிணறுகூட யாக்கோபுடையதுதான். அப்படி எதிர்பார்ப்பை ஏற்றிவிட்டுத்தான் "உன் புருஷனை இங்கே அழைத்துக்கொண்டு வா" என்ற வரியைப் போடுகிறார். சீடர்கள் திரும்பி வந்து, ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருக்கிறாரே என்று ஏன் வியந்தார்கள் என்பதும் இப்போது கொஞ்சம் விளங்கும்.

செய்முறை என்று கேட்டால், நாங்கள் செய்வது இவ்வளவுதான். ஒரு வாரத்துக்கு ஒரே பகுதி. அதை நோட்டில் கையால் எழுதுவோம். கண் தாவிவிடும் சொல்லையும் கை எழுதித்தான் ஆக வேண்டும். திரும்பத் திரும்ப வரும் சொல்லுக்கு அடிக்கோடு, யார் யாரிடம் பேசுகிறார் என்று ஓரத்தில் குறிப்பு, எழுதப்படாமல் நாமே சேர்த்ததற்குக் கேள்விக்குறி. உரைநூலைத் திறப்பது இதெல்லாம் முடிந்த பிறகு. முதலிலேயே திறந்தால், அடுத்தவர் கண்ணால் பார்ப்போம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பவுலின் கடிதங்களில் இறங்க வேண்டாம், கதைப் பகுதி எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். மாற்கு நான்கில் விதைக்கிறவன் உவமை நம் பக்கத்தாருக்கு நல்ல தொடக்கம், நல்ல நிலத்தோடு நிற்காமல் பாறையிலும் பாதையிலும் விதை இறைக்கிறவனைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நிறையப் பேசுவார்கள்.

நான்காம் வாரம் இந்தக் கதையை முடிக்கும்போது ஆத்தா மறுபடி கை தூக்கினார். அவள் தன் குடத்தை வைத்துவிட்டு ஊருக்குள் போனாள் என்ற 28ஆம் வசனத்தில் அவருக்கு மனம் ஆறவில்லை. பழைய வாழ்க்கையைத் துறந்ததற்கு அது அடையாளம் என்று ஆசிரியர் சொன்னார். ஆத்தா ஒப்புக்கொள்ளவில்லை. கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டுப் போகிறவள் திரும்பி வரத்தான் வைத்துவிட்டுப் போவாள் என்றார். அப்படியானால் திரும்பி வந்தாள் என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தி, பத்து நிமிடம் தேடினார். 30ஆம் வசனத்தில் ஊரார் புறப்பட்டு வந்தது இருந்தது, அவளைப் பற்றி இல்லை. 40இல் இயேசு இரண்டு நாள் தங்கியது இருந்தது. விரல் 42இல் நின்றது. ஊரார் அந்தப் பெண்ணிடமே பேசுகிறார்கள், உன் சொல்லுக்காக மட்டும் அல்ல, நாங்களே கேட்டோம் என்று.

"பேசினால் அவள் அங்கே இருந்திருக்கிறாள்" என்றார் ஆத்தா. குடத்தை எடுத்துக்கொண்டாளா என்று அவர் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்.